ஆல்பா: பரோலோ ஒயினும் வெள்ளை டிரஃபிளும் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டுக்காகவே இத்தாலியில் ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்றால் பலரும் போலோனியாவையோ பார்மாவையோ சொல்வார்கள். நான் ஆல்பாவைச் சொல்வேன். வடமேற்கே, பியெமோந்தே மாநிலத்தில், தானரோ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. மக்கள்தொகை சுமார் 31,000. ஊரைச் சுற்றி லாங்கே என்ற மலைக்குன்றுகள். அந்தக் குன்றுகளில் விளையும் நெப்பியோலோ திராட்சையிலிருந்துதான் பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு பெரும் ஒயின்கள் பிறக்கின்றன. அவற்றின் அடிவாரக் காடுகளில், மண்ணுக்குள், வெள்ளை டிரஃபிள் என்ற பூஞ்சைக் கிழங்கு ஒளிந்திருக்கிறது. ரொட்டியில் தடவிச் சாப்பிடும் நுட்டெல்லா பிறந்ததும் இங்கேதான்.

இவ்வளவும் ஒரே இடத்தில் இருப்பதால் வருகிறவர்கள் செய்யும் தவறும் ஒரே மாதிரி இருக்கிறது. டுரினிலிருந்தோ மிலானிலிருந்தோ காலையில் கிளம்பி, நான்கு ஒயின் கிடங்குகளைப் பார்த்து, அவசரமாக டிரஃபிள் தூவிய பாஸ்தாவைச் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆல்பாவுக்குக் குறைந்தது மூன்று இரவுகள் கொடுங்கள். அதற்கு மனம் இல்லாவிட்டால் டுரினிலேயே நன்றாகச் சாப்பிடலாம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் தட்டில் என்ன விழும் என்பது இருக்கிறது. வெள்ளை டிரஃபிள் இலையுதிர் காலத்துப் பொருள். ஆல்பாவின் டிரஃபிள் சந்தை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை, வார இறுதி நாட்களில் நடக்கும். ஓட்டல் நடத்திவந்த ஜாக்கோமோ மோர்ரா 1929-இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. அக்டோபரில் கூட்டம் அதிகம். மணம் முதிர்வது நவம்பரில். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நவம்பர் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். குன்றுகள் பனிமூட்டத்தில் மூழ்கிக் கிடக்கும், காட்சி தெரியாமல் போகலாம், ஆனால் தட்டில் குறை இருக்காது.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு சிறப்பு உண்டு. அன்று ஊருக்குள் கழுதைப் பந்தயம். 1275-இல் பக்கத்து ஊரான ஆஸ்தியின் படை ஆல்பாவை முற்றுகையிட்டு, அவமதிக்கும் வகையில் மதிலோரமே தன் குதிரைப் பந்தயத்தை நடத்தியதாம். அதற்குப் பதிலடியாக ஆல்பா மக்கள் கழுதைகளை ஓட்டுகிறார்கள். இப்போதைய வடிவில் 1932 முதல் நடக்கிறது. பேட்டைக்கு ஒரு கழுதை, இடைக்கால உடையில் ஊர்வலம், ஊரே தெருவில். அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

டிரஃபிள் மீது ஆர்வம் இல்லாமல் ஒயினுக்கும் நடைக்கும் மட்டும் போகிறவர்களுக்கு மே, ஜூன் மாதங்கள் ஏற்றவை. பகல் நீளம், கூட்டம் குறைவு. ஆகஸ்டில் பல குடும்பக் கிடங்குகள் விடுமுறையில் மூடிவிடும்.

போய்ச் சேர்வது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீட்டையும் விண்ணப்பத்துடன் காட்ட வேண்டும். அக்டோபர், நவம்பருக்குப் போவதாக இருந்தால் கோடையிலேயே விண்ணப்பித்துவிடுவது நிம்மதி.

அருகிலுள்ள பெரிய நகரம் டுரின். அங்கிருந்து பிரா வழியாக ஆல்பாவுக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும், மறந்தால் அபராதம். ஆல்பா நிலையத்தில் இறங்கினால் பழைய ஊர் நடந்து போகும் தூரம்தான்.

குன்றுகளுக்குப் போவதற்குத்தான் யோசிக்க வேண்டும். பஸ்கள் உண்டு, ஆனால் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்பவே முடியாது. வாடகைக் கார் எடுத்தால் இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மது என்பதே சட்ட வரம்பு. ஒயின் சுவைக்கப் போன இடத்தில் அதைத் தாண்டுவது எளிது. ஓட்டுகிறவர் அன்று குடிக்கக் கூடாது, அல்லது ஓட்டுநருடன் கார் அமர்த்த வேண்டும். நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. பழைய ஊரின் மையத்தில் வெளியார் வண்டிகளுக்குத் தடையுள்ள தெருக்கள் உண்டு. பலகையைக் கவனிக்காமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்து, அபராதம் வீடு தேடி வரும். காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

முதல் நாள்: ஊருக்குள்ளேயே இருங்கள்

பலர் வந்த அன்றே குன்றுகளுக்கு ஓடுகிறார்கள். முதல் நாளை ஆல்பாவுக்கே கொடுப்பது நல்லது. ரோமானியர் காலத்தில் இது ஆல்பா பொம்பேயா. கி.பி. 193-இல் மூன்று மாதம் ரோமப் பேரரசராக இருந்து கொலையுண்ட பெர்த்தினாக்ஸ் இங்கே பிறந்தவர். இடைக்காலத்தில் செல்வர்கள் போட்டி போட்டுக் கோபுரங்கள் கட்டியதால் நூறு கோபுரங்களின் ஊர் என்ற பெயர் வந்தது. இன்று எஞ்சியிருப்பவை சில. அவற்றில் உயரமானவை பேராலயத்தை அடுத்த சதுக்கத்தில் செங்கல் தூண்களாக நிற்கின்றன. சான் லொரென்சோ பேராலயத்துக்குள் போனால் நேராகப் பலிபீடத்தின் பின்பக்கம் செல்லுங்கள். 1512-இல் பெர்னர்தீனோ ஃபொஸ்ஸாத்தி செய்த மர இருக்கைகள் அங்கே வரிசையாக உள்ளன. ஒவ்வொரு முதுகுப் பலகையிலும் வெவ்வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள்: நகரக் காட்சிகள், இசைக் கருவிகள், கனிகள். முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தால்தான் அது வண்ணப்பூச்சு அல்ல, மரம் என்பது தெரியும்.

இந்த ஊருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1944 அக்டோபர் 10 அன்று மலைகளிலிருந்து இறங்கிய எதிர்ப்புப் படையினர் ஃபாசிஸ்டுகளிடமிருந்து ஆல்பாவைக் கைப்பற்றி, நவம்பர் 2 வரை சுதந்திரமாக வைத்திருந்தார்கள். 23 நாள் குடியரசு. இன்று சுற்றுலாப் பயணிகள் பாஸ்தா தேடி நடக்கும் அதே தெருக்களில் ஆயுதமேந்திய இளைஞர்கள் நடந்தார்கள். சாப்பாட்டு ஊர் என்று மட்டும் நினைத்து வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு நடப்பது முறை.

பிறகு பெரிய தெருவான விக்தோரியோ எமானுவேலே தெருவில் நடங்கள். உள்ளூர்க்காரர்கள் அதை வியா மயெஸ்த்ரா என்பார்கள். கடைகளில் ஹேசல்நட் என்ற கொட்டை எல்லா வடிவிலும் இருக்கும்: வறுத்தது, தோரோனே என்ற தேன் மிட்டாய், மாவு சேர்த்தும் சேர்க்காமலும் செய்த கேக். லாங்கேயின் ஹேசல்நட் உருண்டையாக, தோல் எளிதில் உரியும் வகை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோகோ கிடைக்காமல் இருந்தபோது, பியெத்ரோ ஃபெர்ரேரோ என்ற மிட்டாய்க் கடைக்காரர் மலையளவு கிடைத்த இந்தக் கொட்டையை அரைத்துக் கொஞ்சம் கோகோ கலந்து, ரொட்டியோடு வெட்டிச் சாப்பிடும் கட்டியாக 1946-இல் விற்றார். அதுவே மெல்ல மாறி 1964-இல் நுட்டெல்லா என்ற பெயரில் பாட்டிலுக்குள் புகுந்தது. தொழிற்சாலை இன்றும் ஊரில் இருக்கிறது. சனிக்கிழமை என்றால் காலையில் தெருக்களில் பெரிய சந்தை கூடும். பாலாடைக்கட்டி விற்பவர்களிடம் நின்று ரொபியோலா, முரஸ்ஸானோ, கஸ்தெல்மாஞ்ஞோ மூன்றையும் சிறு துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.

மாலை ஆறரைக்குப் பிறகு ஏதாவது ஒரு சிறு ஒயின் கடையில் ஒரு கிளாஸ் வாங்கினால் கூடவே தட்டில் தின்பண்டங்கள் வரும். முதல் மாலையில் பரோலோ வேண்டாம். ஆற்றுக்கு அப்பால் ரொயேரோ மணற்குன்றுகளில் விளையும் அர்னெய்ஸ் என்ற வெள்ளை ஒயினில் தொடங்கி, அடுத்து டொல்செட்டோ என்ற சிவப்பு ஒயினுக்கு வாருங்கள். உள்ளூர் வீடுகளில் அன்றாடச் சாப்பாட்டு மேசையில் இருப்பது அதுதான்.

டிரஃபிளை எப்படி அணுகுவது

இங்கேதான் பணம் அதிகம் வீணாகும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெள்ளை டிரஃபிள் ஓக், பாப்லர், லிண்டன், வில்லோ போன்ற மரங்களின் வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சை. கறுப்பு டிரஃபிளைத் தோட்டம் போட்டு எடுக்க முடிகிறது. வெள்ளையோ இன்றும் பெரும்பாலும் காடு கொடுத்தால்தான் உண்டு. விலை ஏறுவதற்கு அதுதான் காரணம். மழை பெய்த ஆண்டில் குறையும், வறண்ட கோடைக்குப் பிறகு எகிறும். 100 கிராம் சில நூறு யூரோ என்பது சாதாரணம். திரிஃபொலாவு எனப்படும் வேட்டைக்காரர் நாயுடன் பெரும்பாலும் இரவில் போகிறார். தன் மரங்கள் எவை என்பதை அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதே! பன்றிகளைப் பயன்படுத்துவதற்கு இத்தாலியில் 1985 முதல் தடை. அவை வேரைக் கிளறிச் சேதப்படுத்தும், கிடைத்ததைத் தின்றும்விடும். ஆல்பாவுக்கு அருகே ரொத்தி என்ற சிற்றூரில் டிரஃபிள் நாய்களைப் பழக்குவதற்கென்றே 1880-இல் தொடங்கிய பள்ளி ஒன்று உண்டு. இந்த வேட்டை அறிவை யுனெஸ்கோ 2021-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது.

சுற்றுலாப் பயணிகளுக்கான வேட்டை நடைகள் பகலில் நடக்கின்றன. போகலாம். முன்கூட்டியே புதைத்துவைத்ததை நாய் எடுப்பதும் சில இடங்களில் நடக்கும் என்பதால் டிரஃபிள் கிடைத்ததா என்பதைப் பெரிதுபடுத்தாதீர்கள். கவனிக்க வேண்டியது நாயையும் மனிதரையும். மண்ணை நாய் கீறத் தொடங்கியதும் அவர் அதை மெதுவாக விலக்கிவிட்டு, கையில் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பார். பிறகு சிறு மண்வெட்டியால் ஓரத்திலிருந்து சுரண்டுவார். எடுத்தபின் குழியை மூடி, இலைகளைப் பழையபடி பரப்புவார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் கிடைக்க வேண்டுமே.

சந்தையில் வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கையில் எடுத்தால் இறுக்கமாக இருக்க வேண்டும். அமுக்கினால் பஞ்சு போல இருந்தால் பழையது. இரண்டு, குழிகளில் களிமண் அடைத்திருக்கக் கூடாது; எடை கூட்ட அப்படிச் செய்பவர்கள் உண்டு. மூன்று, மணம். பூண்டு, தேன், வைக்கோல், நனைந்த மண் எல்லாம் கலந்த வாசம் வர வேண்டும். அமோனியா நெடி அடித்தால் வேண்டாம். சந்தையில் வரும் டிரஃபிள்களைப் பரிசோதிக்கவென்றே பயிற்சி பெற்ற நடுவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டலாம். பெரிய உருண்டைதான் சிறந்தது என்ற எண்ணம் தவறு. உருவம் விலையைக் கூட்டும், மணத்தைக் கூட்டாது.

உணவகத்தில் சாப்பிடும்போது முறை எளிது. டிரஃபிள் இல்லாமல் உணவின் விலை தனி. டிரஃபிளுக்குக் கிராம் கணக்கில் தனி. சீவுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து எடை காட்டுவார்கள். ஒரு கிராம் என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். அது அங்கே நாகரிகக் குறைவே அல்ல. ஒரு தட்டுக்கு ஐந்து முதல் எட்டு கிராம் போதும். பெருங்காயத்தை நெய்யின் சூடு மலரச் செய்வது போல இதையும் வெண்ணெயின் இளஞ்சூடுதான் எழுப்புகிறது. அடுப்பில் வைத்துச் சமைத்தால் மணம் பறந்துவிடும். அதனால் எதன்மேல் போட்டுக்கொள்கிறோம் என்பது முக்கியம். வெண்ணெய் மட்டும் சேர்த்த தயரின் பாஸ்தா, பொரித்த முட்டை, ஃபொந்தூத்தா என்ற உருக்கிய பாலாடைக்கட்டி, பச்சை இறைச்சிக் கொத்து: இந்த நான்கும்தான் அதற்குப் பொருத்தம். தக்காளிச் சாறு ஊற்றியதன் மேல் யாராவது சீவ வந்தால் மறுத்துவிடுங்கள்.

டிரஃபிள் எண்ணெயை வாங்காதீர்கள். கடைகளில் அழகான குப்பிகளில் கிடைக்கும். பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வகத்தில் செய்த ஒரே ஒரு மணப்பொருள். அதை நாக்கில் பழக்கிவிட்டால் உண்மையான டிரஃபிளின் மெல்லிய மணம் உறைக்காது.

சாப்பாட்டு மேசையில்

மதியச் சாப்பாடு பன்னிரண்டரை முதல் இரண்டு வரை, இரவு ஏழரைக்கு மேல். நடுவில் போனால் சமையலறை மூடியிருக்கும். கணக்கில் ஆளுக்குச் சில யூரோ ‘கொப்பெர்த்தோ’ என்று சேர்த்திருப்பார்கள். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம் அது, ஏமாற்று வேலை அல்ல.

தயரின் என்பது கத்தியால் இழை இழையாக அரிந்த முட்டைப் பாஸ்தா. முட்டையின் மஞ்சள் கரு எவ்வளவு என்பதுதான் பெருமை. ஒரு கிலோ மாவுக்கு நாற்பது கருவரை சேர்ப்பவர்கள் உண்டு. நிறமே பொன் மஞ்சளாக இருக்கும். பிளின் என்பது விரல் நுனியால் கிள்ளி மூடிய சிறு இறைச்சிப் பொட்டலங்கள். நல்ல இடங்களில் குழம்பு எதுவும் ஊற்றாமல் துணியில் சுற்றியே பரிமாறுவார்கள். அதைத் தவறவிடாதீர்கள், மாவும் பூரணமும் தனித்தனியாக நாக்குக்குத் தெரியும். பரோலோவில் பல மணி நேரம் வேகவைத்த மாட்டிறைச்சி, குளிர்ந்த கன்றிறைச்சியின் மேல் சூரைமீன் சாறு, கடைசியில் கோகோவும் பாதாம் பிஸ்கட்டும் சேர்த்த புனெத் என்று பட்டியல் நீளும்.

சைவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இறைச்சி ஒளிந்து வரும் ஊர் இது. வறுத்த குடைமிளகாய் என்று வருவதில் நெத்திலி மீன் கரைந்திருக்கும். பூண்டும் எண்ணெயும் சேர்த்த பாஞ்ஞா காவ்தா சாறுக்கும் நெத்திலிதான் உயிர். ரிசோத்தோ என்ற அரிசி உணவு இறைச்சிக் கஞ்சியில் வெந்திருக்கலாம். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே’ சொல்வதோடு நிறுத்தாமல், நெத்திலியும் வேண்டாம் என்று ‘சென்ஸா அச்சூகே’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்கு வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்த தயரின், ஃபொந்தூத்தா இரண்டும் வயிறார இருக்கும். முட்டையும் தொடாதவர்களுக்குப் பாலாடைக்கட்டியுடன் பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி, கீரைகள், ஹேசல்நட் என்று சுருங்கிவிடும். விடுதி அறையில் சிறு அடுப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது.

இரண்டாம் நாள்: பரோலோ பக்கம்

ஆல்பாவுக்குத் தென்மேற்கே 11 ஊர்களின் நிலத்தில் விளையும் நெப்பியோலோவுக்கு மட்டுமே பரோலோ என்ற பெயர் உரியது. சட்டப்படி 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில். இந்தக் குன்றுகளை யுனெஸ்கோ 2014-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு நாளுக்கு இரண்டு கிடங்குகள். அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். அந்த இரண்டையும் வெவ்வேறு மண்ணிலிருந்து தேர்ந்தெடுங்கள். மேற்கே லா மோர்ரா, பரோலோ பக்கம் நீலச் சாயல் கொண்ட மென்மையான சுண்ணக் களிமண். அங்கே ஒயின் மணம் மிகுந்து, சீக்கிரம் இளகிவிடும். கிழக்கே செர்ரலுங்கா, மோன்ஃபோர்தே பக்கம் இன்னும் பழைய, இறுகிய மண். அங்கே துவர்ப்பு அதிகம், பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் திறக்கும். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சுவைத்தால் ஒரே திராட்சை எப்படி இரண்டு குணம் கொள்கிறது என்பது எந்தப் புத்தகமும் இல்லாமல் விளங்கும். பெரிய பீப்பாயில் முதிர வைக்கிறார்களா, சிறிய பிரெஞ்சுப் பீப்பாயிலா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதை உண்டு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பல கிடங்குகள் வீடுகள்தான், கதவைத் திறப்பவரே தோட்டத்தில் வேலை செய்பவராக இருப்பார். சுவைக்கும்போது துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவதில் அவமரியாதை எதுவும் இல்லை.

வழியில் கிரின்ஸானே காவூர் கோட்டை. இத்தாலியை ஒன்றிணைத்த காவூர் இளம் வயதில் இந்தச் சிற்றூருக்கு 17 ஆண்டுகள் மேயராக இருந்தார். இப்போது நவம்பரில் டிரஃபிள் ஏலம் இங்கேதான் நடக்கிறது. லா மோர்ராவின் சதுக்கத்திலிருந்து பார்த்தால் குன்றுகள் முழுவதும் விரியும். ஊருக்குக் கீழே மொன்ஃபல்லெத்தோ குன்றின் உச்சியில் தனியாக நிற்கும் லெபனான் தேவதாரு 1856-இல் ஒரு தம்பதி தங்கள் திருமணத்துக்கு நட்டது. பரோலோ ஊரின் கோட்டையில் ஒயின் அருங்காட்சியகம் இருக்கிறது. மேல் மாடியில் தொடங்கி நிலவறை நோக்கி இறங்கிவர வேண்டும். எனக்கு அந்தக் காட்சி அமைப்புகளைவிட, கடைசியில் நிலவறையில் எல்லா ஊர்ப் பரோலோக்களையும் சிறு அளவில் சுவைக்கக் கிடைக்கும் இடமே பயனுள்ளதாகப் பட்டது.

மூன்றாம் நாள்: பார்பரெஸ்கோ

இந்தப் பக்கம் கூட்டம் குறைவு, தெருக்கள் அமைதி. 1894-இல் ஆல்பா ஒயின் கல்லூரியின் தலைவர் தொமீசியோ கவாஸ்ஸா இங்குள்ள விவசாயிகளைச் சேர்த்து, பார்பரெஸ்கோ என்ற பெயரிலேயே ஒயின் செய்ய வைத்தார். அதுவரை இந்தத் திராட்சை பெரும்பாலும் அடுத்தவர் பீப்பாய்க்குத்தான் போனது. ஃபாசிஸ்டுகள் காலத்தில் அந்தக் கூட்டுறவு மூடப்பட்டது. 1958-இல் ஊர்ப் பாதிரியார் ஒருவரின் முயற்சியால் புதிய கூட்டுறவு பிறந்தது. அது இன்றும் இயங்குகிறது, விலையும் நியாயமானது. பார்பரெஸ்கோவை முதலில் அறிய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் அதுதான். ஊரின் பழைய கோபுரத்தில் மின்தூக்கி உண்டு. மேலிருந்து தானரோ ஆறு வளைந்து போவது தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு நெய்வே ஊருக்குப் போங்கள். இனிப்பு பிடித்தவர்கள் அங்கே மொஸ்காத்தோ என்ற இனிப்பு வெள்ளை ஒயினைக் கேட்கலாம். மது அளவு 5 சதவீதத்தை ஒட்டியதே.

திரும்பும் வழியில்

டுரினுக்குத் திரும்பும் ரயில் பிரா ஊரைத் தொட்டுத்தான் போகும். அங்கே சில மணி நேரம் இறங்கிவிடுங்கள். வேகமான உணவுக்கு எதிராக எழுந்த ஸ்லோ ஃபுட் இயக்கத்தின் தாயகம் அது. ஒற்றைப்படை ஆண்டுகளில் செப்டம்பரில் பெரிய பாலாடைக்கட்டித் திருவிழாவும் நடக்கும். பக்கத்திலேயே பொல்லென்சோவில், அரச குடும்பத்தின் பழைய பண்ணைக் கட்டடத்தில், 2004 முதல் உணவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது.

வாங்கியவற்றில் ஒயின் பாட்டில்களைத் துணிகளுக்கு நடுவே சுற்றிச் சரக்குப் பெட்டியில் போடுங்கள். எத்தனை லிட்டர் அனுமதி என்று உங்கள் நாட்டுச் சுங்க விதியை முன்பே பார்த்துவிடுங்கள். புதிய டிரஃபிள் வாங்கியிருந்தால் நீரில் கழுவாமல், காகிதத் துவாலையில் சுற்றி, கண்ணாடிக் குப்பியில் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும். அப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் மணம் நிற்காது. நீண்ட பயணம் காத்திருக்கிறது என்றால் ஆல்பாவிலேயே முட்டையின் மேல் சீவிச் சாப்பிட்டுவிட்டு, பெட்டிக்குள் ஹேசல்நட்டை எடுத்துப் போவதே சரி.